கேம்பர்வேன் ஷவர்: எந்த இடுக்கை அடைப்பது, எதை விடுவது

கேம்பர்வேன் ஷவரில் சுவர்ப் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகளையும், சுவர் அடித்தட்டில் உட்காரும் இடுக்கையும் சிலிக்கோன் (காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும் அடைப்புப் பசை) போட்டு அடைத்துவிடுங்கள். கதவுச் சட்டத்தின் அடியில், உள்பக்கம் இருக்கும் சின்ன வடிகால் துளைகளை மட்டும் தொடாதீர்கள். வீட்டுக் குளியலறைச் சுவர் அசையாது, ஆனால் வண்டிச் சுவர் அசையும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் விரிந்து சுருங்கும், அதனால் காய்ந்ததும் வளையாமல் கல்லாக இறுகிப்போகும் வேறு பூச்சு போட்டால் அது வெடித்து, தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கி மரத்தை ஊற வைக்கும். வடிகால் துளையை அடைத்தாலோ சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் வெளியே தரைக்கே கசியும்.

பழைய சிலிக்கோனை முழுக்கச் சுரண்டி எடுங்கள், ஏனென்றால் அதன் மேல் புதியது ஒட்டாது. கோலாலம்பூர் ஈரக்காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், சிலிக்கோன் காற்றின் ஈரத்தை வைத்துத்தான் ரப்பர் போலக் கெட்டியாகும். இடுக்கு மட்டும் நன்றாகக் காய்ந்திருக்கணும். அப்புறம் 24 மணி நேரமாவது தண்ணீர் படாமல் விடுங்கள்.

ஒரே வார்ப்பாக வந்த ஷவர் என்றால் அடைக்க மூட்டே இல்லை. தரை ஏற்கெனவே மெத்தென்று அமுங்குகிறதா, அப்போது அடைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பலகையைக் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.