சித்திரை சீசனில் நுவரெலியா: மகள்மாரின் காலுக்கு அட்டைக் காவல்

ஏப்ரலில் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடிமழை வரலாம். விக்டோரியா பூங்கா, கிரகரி வாவியை மதியத்துக்கு முன்பே முடியுங்கள். காலுறை மட்டும் ஆளுக்கு இரண்டு சோடி.

தேயிலைக்குள் இறங்கினால் இரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறும். கவுனுக்குள் நீளக் காற்சட்டை போட்டு, நுனியைக் காலுறைக்குள் செருகி, மேலே ஈரச் சவர்க்காரம் தேயுங்கள். மழையில் கரையும், திரும்பத் தேய்க்க வேண்டும். கடித்தால் பிய்க்காதீர்கள், உப்பும் வேண்டாம், கடிவாயிலேயே கக்கிவிடும். மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது; சுத்தத் துணியால் 10 நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். சின்னவள் அலறுவது வலியால் அல்ல, இரத்தத்தைக் கண்டுதான். என்றாலும் வெள்ளைக் காலுறையே நல்லது, அட்டை ஏறும்போதே தெரியும்.