ஸ்பார்க் பிளக்குக்கு எந்த அளவு சாக்கெட்? மொரீசியஸ் கார்களுக்கான செய்முறை விளக்கம்

ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதலில் காதில் விழும் எண் 14 மி.மீ. என்பதுதான். அது பிளக்கின் மரையின் விட்டம், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்குள் திருகப்படும் பகுதியின் அளவு. பிளக்கைக் கழற்றவும் மாட்டவும் உதவும் குழாய் வடிவக் கருவியான சாக்கெட் பிடிப்பதோ அந்த மரைக்கு மேலே உள்ள அறுகோணத்தை. ஒரே 14 மி.மீ. மரையுள்ள பிளக்குகளில் 16 மி.மீ. அறுகோணம் கொண்டவையும் உண்டு, 20.8 மி.மீ. கொண்டவையும் உண்டு, 12 மி.மீ. மரையுள்ளவற்றிலோ 14, 16, 18 என மூன்று அளவுகளும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே மரையின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு சாக்கெட் வாங்கப் போவது வீண் அலைச்சல். பிளக்கை இதுவரை கழற்றியே பார்த்திராதவர்களும் சரியான சாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் வகையில் இந்த முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எஞ்சின் எது என்று அறிதல்

நம் தீவில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் இங்கு இறக்குமதியானவை. அவற்றோடு வரும் கையேடு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. எஞ்சின் குறியீடும் பிளக் குறியீடும் ரோமன் எழுத்துகளில்தான் அச்சாகியிருக்கும். கையேடு கிடைக்காவிட்டால் பானெட்டைத் திறந்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைப் பாருங்கள். பல நிசான் கார்களில் எஞ்சின் பெயரும் கொள்ளளவும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மாடல் பெயரை மட்டும் நம்புவது போதாது, ஏனெனில் ஒரே பெயரில் வந்த காருக்குள் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு எஞ்சின்கள் இருக்கலாம்.

படி 2: பிளக் குறியீட்டைப் படித்தல்

பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதன் பெட்டியிலும் அச்சிடப்பட்டுள்ள எழுத்துகளிலேயே அறுகோண அளவு ஒளிந்திருக்கிறது. டென்சோ பிளக்கில் முதல் எழுத்து 'கே' என்றால் மரை 14, அறுகோணம் 16 மி.மீ.; முதல் எழுத்து 'டபிள்யூ' என்றால் அதே 14 மி.மீ. மரைக்கு ஏறக்குறைய 20.6 மி.மீ. அறுகோணம். பாஷ் பிளக்கிலும் 'டபிள்யூ' பெரிய அறுகோணத்தையே குறிக்கும்; 16 மி.மீ. பிளக்குகள் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும். 'பி' என்று தொடங்கும் என்.ஜி.கே. பிளக்கில் இரண்டாம் எழுத்தைக் கவனிக்க வேண்டும். 'பி.கே.ஆர். 6 இ' என்பதில் இரண்டாவதாக 'கே' நிற்பதால் அது 16 மி.மீ.; 'பி.சி.பி.ஆர்.' என்று தொடங்குவதில் இரண்டாவதாக 'சி' நிற்பதால் அதுவும் 16. இவ்விரண்டு எழுத்துகளும் இல்லாத 'பி.பி.ஆர். 6 இ.எஸ்.' போன்ற பழைய வகை 20.8 மி.மீ. கொண்டது. 18 மி.மீ. அறுகோணம் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களுக்கு உரியது என்பதால் கார் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை அரிது.

இதை நம் தெருக்களில் காணும் கார்களோடு பொருத்திப் பார்ப்போம். 1.5 லிட்டர் டொயோட்டா விட்ஸ், கொரோலா ஆகியவற்றில் வந்த 1 என்.இசட். எஞ்சினுக்கு 16 மி.மீ. வேண்டும். 1980களின் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் 20.8 மி.மீ., அதாவது கடையில் 21 என்று விற்கப்படும் சாக்கெட். முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட்டின் ஐ-டி.எஸ்.ஐ. எஞ்சினுக்கும் 16 தான். ஆனால் அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள் இருப்பதால், நான்கு சிலிண்டர்தானே என்று நான்கு மட்டும் வாங்கி வந்தால் பாதி வேலையில் மீண்டும் கடைக்கு ஓட நேரும்.

பலரைத் திகைக்க வைப்பது 14 மி.மீ. அறுகோணம்தான். நிசான் டீடா போன்ற கார்களில் உள்ள எச்.ஆர். வகை எஞ்சின்களும் எம்.ஆர். வகை எஞ்சின்களும் 12 மி.மீ. மரையும் 14 மி.மீ. தலையும் கொண்ட பிளக்குகளைப் பயன்படுத்துகின்றன. பி.எம்.டபிள்யூ.வின் பல எஞ்சின்களிலும், மினி கூப்பர், பூஷோ 207 ஆகியவற்றில் பொதுவாக வந்த 1.6 லிட்டர் எஞ்சினிலும் அளவு 14 தான் என்றாலும், பிளக்கின் தலை அறுகோணமாக இல்லாமல் பன்னிரண்டு முனைகளுடன் இருக்கும். ஆறு முனைச் சாக்கெட் அதன்மேல் இறங்காது. மெல்லிய சுவருள்ள பன்னிரண்டு முனைச் சாக்கெட் இருவகைக்கும் பொருந்தும் என்பதால், 14 வாங்குவதாக இருந்தால் அதையே வாங்கிவிடுங்கள்.

படி 3: பிளக்கை முதலில் வாங்குதல்

என் அனுபவத்தில் மிகவும் நம்பகமான வழி, சாக்கெட்டைத் தேடுவதற்கு முன் புதிய பிளக்கை வாங்கிவிடுவதே. உதிரிபாகக் கடையில் 'பூஜி' என்று கேட்டு, எஞ்சின் குறியீட்டைக் காட்டி வாங்கிய பிளக்கை, கருவி விற்கும் கேன்காயெரிக்கு எடுத்துச் சென்று, அங்கேயே சாக்கெட்டை அதன்மேல் போட்டுப் பாருங்கள். சாக்கெட் தன் எடையிலேயே அறுகோணத்தின் மேல் முழுமையாக இறங்க வேண்டும். கையால் இடமும் வலமும் திருப்பினால் மிகச் சிறிதளவே ஆட வேண்டும்.

வெர்னியர் காலிப்பர் வைத்திருப்பவர்கள் அளந்தும் பார்க்கலாம். அளவு எடுக்க வேண்டியது எதிரெதிரான இரண்டு தட்டைப் பக்கங்களுக்கு இடையே. முனைக்கு முனை அளந்தால் 16 மி.மீ. அறுகோணம் ஏறக்குறைய 18.5 என்றும், 14 மி.மீ. அறுகோணம் ஏறக்குறைய 16 என்றும் காட்டும். இந்த இரண்டாவது எண்தான் ஆளை ஏமாற்றுவது, ஏனெனில் 16 என்பதும் கடையில் கிடைக்கும் ஒரு நியாயமான பிளக் அளவு.

கடையில் இன்னொரு குழப்பமும் காத்திருக்கும். பிரான்சிலிருந்து வரும் 'கிளே பூஜி'களில் (பிளக் கழற்றும் கருவிகளில்) 16, 21 என்று மில்லிமீட்டரிலும், அமெரிக்க முறையைப் பின்பற்றும் பெட்டிகளில் 5/8, 13/16 என்று அங்குலத்திலும் பொறித்திருப்பார்கள். 5/8 அங்குலம் 15.88 மி.மீ.; 13/16 அங்குலம் 20.64 மி.மீ. காகிதத்தில் இவை சற்றுச் சிறியவையாகத் தோன்றினாலும், சாக்கெட்டின் உட்புறம் பெயரளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே செய்யப்படுவதால், 16 மி.மீ. பிளக்குக்கு 5/8 சாக்கெட்டும் 20.8 மி.மீ. பிளக்குக்கு 13/16 சாக்கெட்டும் பழுதின்றிப் பொருந்தும். மாறாக, 16 கிடைக்கவில்லை என்று 17 மி.மீ. சாக்கெட்டை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது முனைகளை வழித்துவிடும். முனை வழிந்த பிளக்கை ஆழக் குழியிலிருந்து வெளியே எடுப்பது மெக்கானிக்குக்கே தலைவலி தரும் வேலை.

படி 4: சாக்கெட்டின் மற்ற அளவுகள்

உள்ளளவு சரியாக இருந்தும் சாக்கெட் உதவாமல் போகலாம். இன்றைய எஞ்சின்களில் பிளக் ஒரு குறுகிய குழாய் போன்ற குழியின் அடியில் உட்கார்ந்திருக்கும். சாக்கெட்டின் வெளிச்சுவர் தடிமனாக இருந்தால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். குறிப்பாக 14 மி.மீ. வகையில் சாதாரண ஆழச் சாக்கெட்டுகள் பல அந்தக் குழிகளுக்குள் நுழைவதில்லை. மெல்லிய சுவருள்ள பிளக் சாக்கெட் என்றே கேட்டு வாங்க வேண்டும்.

சாதாரண ஆழச் சாக்கெட்டுக்கும் பிளக் சாக்கெட்டுக்கும் உள்ள வேறுபாடு உள்ளே இருக்கிறது. பிளக் சாக்கெட்டில் பீங்கானைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வளையமோ, உலோகத்தை ஈர்த்துப் பிடிக்கும் காந்தமோ இருக்கும். இவை இல்லாவிட்டால் தளர்ந்த பிளக் குழியிலேயே கிடக்கும். புதிய பிளக்கும் இறங்கும்போது கீழே விழுந்து அதன் மின்முனை வளைந்துவிடக்கூடும். ரப்பர் சில நேரம் பிளக்கை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்போது சாக்கெட்டை ஆழத்துக்கு எட்டவைக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி மட்டும் கையோடு வந்து, சாக்கெட் குழியிலேயே தங்கிவிடும். அதனால் நான் காந்த வகையையே விரும்புகிறேன்.

சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டின் சதுரமுனை 3/8 அங்குலம் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். எக்ஸ்டென்ஷன் கம்பி 15 செ.மீ. அளவில் ஒன்றும், அதைவிடக் குறுகியது ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். சுபாரு போல எஞ்சின் படுத்திருக்கும் கார்களில் பக்கவாட்டு இடம் குறைவு என்பதால் குறுகிய கம்பிதான் கைகொடுக்கும்.

படி 5: எஞ்சினில் ஒத்திகை

எஞ்சின் முழுவதும் ஆறியபின், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பைக் கழற்றி, காயிலை நேராக மேலே இழுத்து எடுங்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். கியூர்பீப், வக்வா பக்கம் போல மழை ஓயாத ஊர்களிலும், உப்புக்காற்று வீசும் கடலோரத்திலும் சில கார்களின் குழிக்குள் நீர் இறங்கி, அறுகோணத்தின் மேல் துரு படிந்திருப்பதுண்டு. அப்போது சரியான சாக்கெட்டே இறுக்கமாகத் தோன்றும். அளவு தவறு என்று எண்ணிப் பெரியதைத் தேடாதீர்கள். காற்றடித்துத் தூசியையும் துருத்தூளையும் வெளியேற்றிய பிறகு மறுபடி முயலுங்கள். இப்படிச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அந்தக் குப்பை முழுவதும் சிலிண்டருக்குள் விழும்.

அடுத்து, ராட்செட்டை மாட்டாமல், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரல்களால் இறக்குங்கள். சாக்கெட் பிளக்கின் மேல் பட்டதும் மெல்லத் திருப்பினால், முனைகள் பொருந்தி அது இன்னும் சிறிது கீழே இறங்குவதைக் கை உணரும். அவ்வாறு இறங்காமல் மேலேயே சுழன்றால் சாக்கெட் சிறியதாகவோ, முனைகளின் எண்ணிக்கை தவறாகவோ இருக்கிறது. இறங்கியபின் கணிசமாக ஆடினால் அது பெரியது. கீழே இறங்கி, ஆட்டமின்றிப் பற்றிக்கொண்ட பிறகே ராட்செட்டை மாட்டுங்கள்; விசை கொடுக்கும்போது கம்பி குழிக்கு நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் பீங்கான் விரிசல் விடும்.

புதிய பிளக்கை இறக்கும்போதும் முதலில் ராட்செட் வேண்டாம். எக்ஸ்டென்ஷனை விரல்களால் திருகி, மரை தடையின்றிப் பிடித்துக்கொள்கிறது என்று உறுதிசெய்யுங்கள். இறுக்கும் விசைக்கு மட்டும் மரையின் அளவு திரும்பவும் தேவைப்படுகிறது. அலுமினியச் சிலிண்டர் ஹெட்டில், மரைக்கு மேலே உலோக வாஷர் வளையமுள்ள 14 மி.மீ. பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டரும், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20 வரையும் போதும். உங்கள் எஞ்சினுக்கென்று தனியாக ஓர் எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள், வளையமுள்ள புதிய 14 மி.மீ. பிளக் விரலால் இறுகி நின்ற இடத்திலிருந்து அரைச்சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை திருப்பலாம். வளையம் இல்லாத கூம்பு வகைப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுற்றே போதுமானது.