கணினியோடு கச்சேரி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உசிலம்பட்டிப் பக்கம் கோயில் பொங்கலுக்குப் புறப்படும் மெல்லிசைக் குழுவின் வேனில் இன்று கீபோர்டு, தபேலா, ரிதம் பேடு ஆகியவற்றோடு ஒரு லேப்டாப் பையும் ஏறிவிடுகிறது. மதுரையில் பக்திப் பாடல் பதிவு செய்பவர்கள் பலர் வீட்டு மாடியறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டார்கள். தவிலும் நாதஸ்வரமும் பரம்பரையாக வாசிக்கும் வீடுகளில்கூடப் பிள்ளைகள் கணினியில் பாட்டைக் கோக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஒரு பாட்டைப் பதிவு செய்யச் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்த காலம் போய்விட்டது.

ஆனால் இந்தக் கருவிகளால் நொந்துபோகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலான தொல்லைகளுக்கு ஒரே வேர்தான் இருப்பது தெரிகிறது. கணினியும் மென்பொருளும் வாங்கியபோது எந்த அமைப்பில் இருந்தனவோ, அதே அமைப்பில் அவற்றை நம்பி மேடையேறிவிடுகிறோம். அந்த அமைப்பைத் தீர்மானித்தவர்கள் அலுவலக வேலையையும் மேற்கத்தியப் பாட்டையும் மனதில் வைத்துச் செய்தவர்கள். நம் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறை), நம் சுருதி, நம் சித்திரை வெயில் எதுவும் அவர்கள் கணக்கில் வரவில்லை. அவற்றை நாம்தான் உள்ளே புகுந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கமகத்தைப் பிழையென்று எண்ணும் மென்பொருள்

முதலில் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் கெடுவது இசையே. குரலைச் சுருதியில் நிறுத்தும் மென்பொருள்கள் 1997-இல் ஆட்டோ-டியூன் வந்ததிலிருந்து பரவின. தானாகத் திருத்தும் முறையில் அவை செய்வது எளிய வேலை: பாடிய ஒலி பன்னிரண்டு ஸ்தானங்களில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அங்கே இழுத்து நிறுத்திவிடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் அதன் பெயர் ‘சாதாரண காந்தாரம்’. பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதேயில்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி மத்தியமம்வரை ஏறி அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவுதான் தோடி. தானியங்கித் திருத்தம் அதை நடுங்கும் குரலென்று கருதி, ரி-க-ம என்று மூன்று படிகளாக வெட்டிவிடுகிறது. கேட்பவருக்குக் காரணம் தெரியாது. பாட்டில் ராகம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

தானியங்கி முறையை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் கோடாக வரைந்து காட்டும் பார்வையில், நீண்டு நின்று ஒலிக்கும் ஸ்வரங்களை மட்டும் தொடுங்கள். சங்கதி, அதாவது நுணுக்கமான அசைவு, விழும் இடத்தில் கை வைக்காதீர்கள். அந்த இடத்திலேயே சுருதி விலகியிருந்தால், பாடியவரை அழைத்து அந்த ஒரு வரியை மறுபடி பாடச் சொல்வதே மரியாதை.

இதன் இன்னொரு முகம் கீபோர்டில் இருக்கிறது. ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் பெரும்பாலான கீபோர்டுகளில் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைக்கட்டை (கருப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி) அளவுக்குத்தான் வைக்கப்பட்டிருக்கும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) கொடுக்க ஏழு அரைக்கட்டை வேண்டும். வரம்பைப் பன்னிரண்டாக உயர்த்திக்கொள்ளுங்கள். கீபோர்டில் மாற்றியதை, ஒலி கொடுக்கும் பிளக்-இன்னிலும் (பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்) அதே எண்ணுக்கு மாற்ற வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ஜாரு எங்கோ போய் நிற்கும். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் இந்த வளைவு ஒரு சேனல் முழுவதற்கும் பொதுவானது. சுருதியும் ராகமும் ஒரே சேனலில் இருந்தால், காந்தாரத்தை அசைக்கும்போது கீழே நிற்கும் ஷட்ஜமும் சேர்ந்து அசையும். மொத்தம் பதினாறு சேனல்கள் இருக்கின்றன. சுருதிக்குத் தனியாக ஒன்றைக் கொடுங்கள்.

நாதஸ்வரத்தோடு வாசிக்கும் கீபோர்டு கலைஞர்கள் செய்யும் தவறு, வித்வானைத் தன் சுருதிக்கு வரச் சொல்வது. ஊதும் முனையிலுள்ள சீவாளியைச் சரிசெய்து அவர் ஓரளவு நகர்த்துவார். அதற்கு மேல் குழல் இடம் கொடுக்காது. மாற வேண்டியது கீபோர்டு. அவர் வாசித்துக் குழல் சூடேறிய பிறகு (சூடேற ஏற எந்த ஊதுகருவியும் சற்று மேலே போகும்) அவருடைய ஷட்ஜத்தை டியூனரில் பாருங்கள். எத்தனை சென்ட் (அரைக்கட்டையில் நூறில் ஒரு பங்கு) கூடுதலோ குறைவோ, அந்த எண்ணைக் கீபோர்டு முழுவதன் சுருதியையும் நகர்த்தும் மாஸ்டர் டியூனில் போடுங்கள். ஒரு நிமிட வேலை. அதைச் செய்துவிட்டு இருவரும் சேர்ந்து முதல் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது, அலைகள் இரண்டும் அடித்துக்கொள்ளாமல் ஒன்றாகப் படியும் அந்தக் கணத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

தெம்மாங்கு பதிவு செய்பவர்களுக்கு ஒரு சொல்: மென்பொருள் திறந்ததும் காட்டும் கட்டங்கள் நான்கு நான்காகப் போகும் சதுஸ்ரத்துக்கானவை. மும்மூன்றாகத் திஸ்ர நடையில் போகும் பாட்டை அந்தக் கட்டத்தில் ஒட்டவைத்தால் ஆட்டம் செத்துவிடும். கட்டத்தை மும்மூன்றாக மாற்றுங்கள், அல்லது ஒட்டவைக்கவே வேண்டாம்.

44,100-ஆ, 48,000-ஆ?

கணினி ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதே சாம்பிள் ரேட். குறுந்தகட்டில் அது 44,100. வீடியோவுக்கு 48,000. ஒரு பாட்டுக்குச் சோழவந்தானில் ஒருவர் நாதஸ்வரத்தை 48,000-இல் பதிவு செய்து அனுப்புகிறார். மதுரையில் இருப்பவரின் பாட்டோ 44,100-இல் இருக்கிறது. மென்பொருள் இதைக் கவனித்துத் தானே மாற்றிக்கொள்ளாவிட்டால், நான்கு நிமிட வாசிப்பு 4 நிமிடம் 21 நொடியாக நீளும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைக்கட்டை இறங்கும். இரண்டு கட்டைச் சுருதியில் வாசித்தது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவே, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலும் கிடைக்காத இடத்தில் போய் நிற்கும். பாவம், வித்வான் சுருதி சேராமல் வாசித்துவிட்டார் என்ற பழி அவர் தலையில் விழுகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் முதலில் எண்ணைப் பாருங்கள். பாட்டைத் தொடங்கும் முன்பே எந்த ரேட், எந்தக் கட்டை, என்ன வேகம் என்று எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிடுவது இன்னும் நல்லது.

பதிவை எம்பி3 ஆக அனுப்பாதீர்கள். தரம் குறைவது ஒரு பக்கம். அந்த முறையில் சுருக்கும்போது தொடக்கத்தில் சிறிது மௌனம் சேர்ந்துவிடுவதால் தாளமும் நகர்ந்துவிடுகிறது. வேவ் கோப்பாக, வாட்ஸ்அப்பில் என்றால் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள்.

விரலுக்கும் காதுக்கும் நடுவே

கட்டையை அழுத்திய பிறகு ஒலி தாமதித்து வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் பஃபர். கணினி ஒலியைச் சிறு சிறு மூட்டைகளாகச் சேர்த்துத்தான் வெளியே விடுகிறது. 48,000 ரேட்டில் பஃபர் 1024 என்றால் ஒரு மூட்டைக்கு 21 மில்லிநொடி; 256 என்றால் ஐந்து சொச்சம்; 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. ஒலி ஒரு மில்லிநொடியில் காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே 256-இல் வாசிப்பது, ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பதற்குச் சமம், யாருக்கும் உறுத்தாது. 1024-இல் ஏழு மீட்டர் தள்ளி நிற்கிறோம். தவில்காரர் அதை முதல் ஆவர்த்தனத்திலேயே சொல்லிவிடுவார்.

வாசிக்கும்போது பஃபரைக் குறைத்தும், பிறகு பல தடங்களைக் கலக்கும்போது கூட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில், மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரையே தேர்ந்தெடுங்கள். புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கவே வேண்டாம். அதன் தாமதம் பல சமயம் நூறு மில்லிநொடியைத் தாண்டும், எந்த அமைப்பிலும் அது தீராது.

இணையவழி வகுப்பு எடுப்பவர்களுக்கு வேறொரு குழப்பம். தம்புரா மாணவருக்குக் கேட்கவில்லை, விட்டுவிட்டுக் கேட்கிறது என்பார்கள். சந்திப்பு மென்பொருள்களில் இரைச்சலை நீக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மாறாமல் தொடர்ந்து வரும் ஒலி எதுவானாலும் அதற்கு மின்விசிறிதான். தம்புராவையும் அப்படியே துடைத்துவிடுகிறது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இயக்குங்கள். மாணவரும் தன் பக்கத்தில் தனியாகச் சுருதி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு ஊரில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவது இந்தத் தாமதத்தில் நடக்காது; ஒருவர் பாடி மற்றவர் திருப்பிப் பாடும் பழைய குருகுல முறைதான் இங்கும் பொருந்துகிறது.

மேளமும் மேடையும்

வாடிப்பட்டி மேளத்தை அறைக்குள் பதிவு செய்தவர்களுக்குத் தெரியும், அதன் அடி எந்த மைக்கையும் திணறவைக்கும். கணினிக்குள் பூஜ்ஜியம் டெசிபல்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டிய ஒலியின் தலை வெட்டப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதைப் பிறகு முழுதாக மீட்க வழியில்லை. ஒத்திகையில் மெதுவாக அடித்துக் காட்டும்போது அளவு வைத்தால் தவறிவிடும். உச்சகட்டத்தில் எப்படி அடிப்பார்களோ அப்படி அடிக்கச் சொல்லி, அப்போதும் மீட்டர் -12-ஐ ஒட்டி நிற்கும்படி வையுங்கள். 24-பிட்டில் பதிவு செய்யும்போது இப்படி இடம் விடுவதால் இழப்பு ஏதுமில்லை. மைக்கை ஐந்தடி தள்ளி வையுங்கள். தோலின் அடியோடு மேளத்தின் உடம்பும் கேட்கும்.

மேடையில் வேறு பகைவர்கள். லேப்டாப்பின் செயலி சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் ஒலி வெடிக்கத் தொடங்குகிறது. ஏப்ரல் மாத மதியத்தில் மேடையில் ஒலி சோதிக்கும்போது லேப்டாப்பைத் துணி விரித்த மேசையில் வைக்காதீர்கள், அடியில் காற்று போகட்டும். ஃபோகஸ் விளக்கு அதன்மேல் விழக் கூடாது.

சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று உறுமல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் கோளாறு எர்த் பாதையில் இருக்கிறது. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) வைத்தால் தீரும். உறுமலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்களைத் திருவிழா மேடைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மைக்கில் உதடு படும்போது பாடகருக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான். ஜெனரேட்டரில் ஓடும் மேடையென்றால், எர்த் அடித்திருக்கிறதா என்று ரேடியோ செட்காரரிடம் கேட்டுவிட்டே இணைப்பைக் கொடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை கச்சேரிக் காலம். அந்த மாதங்களில் எந்த மென்பொருளையும் புதுப்பிக்காதீர்கள். விண்டோஸில் புதுப்பித்தலைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. மேடையில் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். உரிமம் சரிபார்க்க இணையம் கேட்கும் பிளக்-இன் எது என்பதை வீட்டிலேயே இணையத்தைத் துண்டித்துச் சோதித்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பிரதிகளை நம்பி மேடையேறுவது வேண்டாத வேலை. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, வைரஸும் சேர்ந்தே வரும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம். ரீப்பர் போன்றவை குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று மூத்த கலைஞர்கள் கேட்கிறார்கள். கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி அய்யரின் பழைய டேப் பதிவு ஒன்றைச் சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அவருடைய கற்பனை ஸ்வரங்கள் எங்கே திரும்பி எங்கே இடத்தில் வந்து விழுகின்றன என்று நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். டேப் வேகம் தவறி அரைக்கட்டை ஏறியிருந்தால் அதையும் சரிசெய்துகொண்டு கேட்கலாம். ஒரு வரியை நூறு முறை திருப்பினாலும் நாடா அறுந்துபோகாது. முந்தைய தலைமுறை மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பழைய பாட்டு திறக்காமல் போகும் நாள்

கணினியில் செய்த பாட்டு என்றைக்கும் இருக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. 2019-இல் ஆப்பிள் கணினிகளுக்குக் கேட்டலினா என்ற இயங்குதளம் வந்தபோது பழைய 32-பிட் மென்பொருள்கள் ஒட்டுமொத்தமாக இயங்காமல் போயின. பலருடைய பழைய பிளக்-இன்கள் அதோடு போயின. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொதுவான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. அடுத்தது எப்போதாவது வரும். பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு தடத்தையும், எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கும்படி, தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துவிடுங்கள். அவற்றை எந்த மென்பொருளிலும் அடுக்கிவிடலாம். கூடவே கட்டை, வேகம், தாளம், சாம்பிள் ரேட், வாசித்தவர்கள் பெயர் எழுதிய சிறு உரைக்கோப்பு ஒன்றும் இருக்கட்டும். கோப்புக்குப் ‘பைனல்’ என்று பெயர் வைக்காமல் தேதியை வையுங்கள். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒரு பிரதி வெளி டிஸ்க்கில், இன்னொன்று உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. பென்டிரைவை மட்டும் இந்த மூன்றில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.