மாரியில் வீட்டுக்குள் வருபவற்றைக் கொல்லாமல் வெளியே விடும் முறை

ஐப்பசியில் மழை பிடித்ததும் வளவிலுள்ள வளைகளிலும் கற்பொந்துகளிலும் தண்ணீர் ஏறிவிடுவதால், அங்கே குடியிருந்தவை ஈரமில்லாத இடம் தேடி வீட்டுக்குள் வருகின்றன. கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளியும், ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தும், குளியலறையின் தண்ணீர் போகும் துவாரமுமே அவற்றுக்குப் போதும். கண்டதும் தும்புத்தடியை எடுப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். ஆனால், ஓங்கி அடிக்கப் போகும்போதுதான் மட்டத்தேள் (பூரான்) கட்டிலின் கீழ் ஓடி மறைகிறது. அரைகுறையாக அடிபட்ட தேள்தான் காலில் கொட்டுகிறது. மூடிப் பிடித்து வெளியே விடும் முறையில் அந்த உயிருக்கு இருக்கும் நன்மை எமக்கும் இருக்கிறது.

தேவையான பொருட்கள் எல்லா வீட்டிலும் கிடைப்பவையே. உள்ளே இருப்பதைப் பார்க்கக்கூடிய, வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றும், பழைய நாட்காட்டியின் பின்மட்டை ஒன்றும் போதுமானவை. சாதாரணக் கடதாசி வளைந்து கொடுத்துவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். இவற்றை ஓர் இடத்தில் எடுத்து வைத்திருப்பது நல்லது. பூச்சியைக் கண்ட பிறகு போத்தல் தேடி அடுக்களைக்குப் போனால், திரும்பி வரும்போது பூச்சி அங்கே இருக்காது. முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். தும்பி, வண்ணத்துப்பூச்சி, வௌவால், வழி தவறி வந்த குருவி ஆகியவற்றுக்கு வீட்டுக்குள் இருக்கும் பெரிய ஆபத்து சுழலும் விசிறிதான்.

சுவரில் இருக்கும் பெரிய பழுப்பு நிறச் சிலந்தியை வைத்து முறையைச் சொல்கிறேன். போத்தலை அதற்கு நேரே கொண்டுபோய், கால்கள் எல்லாம் வாய்க்குள் அடங்குகின்றனவா என்று பார்த்து, மெதுவாகச் சுவரோடு சேர்க்க வேண்டும். விரித்து வைத்திருக்கும் கால் ஒன்று விளிம்பின் கீழ் அகப்பட்டால் உடனே அழுத்தாமல், போத்தலை ஒரு நூலளவு தூக்கிப் பிடித்தால் சிலந்தி காலைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மட்டையைச் சுவருக்கும் போத்தலுக்கும் நடுவே சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். மட்டையின் ஓரம் காலில் பட்டதும் சற்று நிறுத்தினால் அது மட்டையின்மேல் ஏறி நின்றுவிடும். முழுவதும் மூடிய பின், உள்ளங்கையை மட்டையின் கீழ் விரித்துத் தாங்கியபடி வெளியே கொண்டுபோகலாம். சில வேளைகளில் அதன் வயிற்றின் கீழே பொத்தானைப் போல வெண்மையான, தட்டையான ஒன்று ஒட்டியிருக்கும். அது தாய்ச் சிலந்தி சுமந்து திரியும் முட்டைப்பை; போத்தலைக் குலுக்கினால் அதைப் போட்டுவிட்டு ஓடக்கூடும். இந்தச் சிலந்தி வலை பின்னுவதில்லை, இரவில் கரப்பொத்தானைப் பிடித்துத் தின்கிறது. ஆகவே, வீட்டிலுள்ளவர்கள் அஞ்சாவிட்டால் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மயிரடர்ந்து தடித்த கால்களோடு வரும் புலிமுகச் சிலந்தி வேறு இனம். அது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும் என்பதால், அடுத்துத் தேளுக்குச் சொல்லும் எச்சரிக்கை எல்லாம் அதற்கும் பொருந்தும்.

தேளைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தில் கூடுதல் கவனம் தேவை. கரிய, பருத்த நட்டுவக்காலி பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், அதன் கொட்டுதல் பெரும்பாலும் வலியோடு போய்விடும். செம்பழுப்பு நிறமும் மெல்லிய முன்னிடுக்கிகளும் கொண்ட இந்தியச் செந்தேள் அதைவிடச் சிறியது. ஆனால் அதன் நஞ்சு இதயத்தையே தாக்கவல்லது. அது குடாநாட்டில் இருப்பதும், அதனிடம் கொட்டு வாங்கியவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருவதும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ள விடயம். எனவே செருப்பு அணியாமலும் வெறுங்கையோடும் தேளை நெருங்கக் கூடாது. சிறுவர்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். தேளால் வழுவழுப்பான கண்ணாடியில் ஏற முடியாது என்பது நமக்குச் சாதகம். கையின் நீளத்துக்கு நின்று போத்தலைக் கவிழ்த்து, விரல்கள் விளிம்புக்கு அருகே போகாதபடி நீளமான மட்டையைச் செலுத்தி, மெல்ல நிமிர்த்தி மூடியைத் திருகிவிட வேண்டும். இருட்டில் தேட வேண்டியிருந்தால், பண நோட்டுகளைச் சோதிப்பதற்காகக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா ரோச் லைற் பெரிதும் உதவும். அந்த ஒளி பட்டதும் தேளின் உடல் முழுவதும் பச்சையாக ஒளிரும். யாருக்காவது கொட்டி, வியர்வையும் வாந்தியும் கண்டு கைகால்கள் குளிர்ந்தால், வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும்.

மட்டத்தேளுக்கும் இதே முறைதான், ஆனால் அது ஓடும் வேகத்துக்குப் போத்தல் உயரமானதாக இருக்க வேண்டும். முருங்கையிலிருந்து வரும் மசுக்குட்டியை ஈர்க்கு ஒன்றால் கடதாசியில் ஏற்றி எடுக்கலாம்; மயிர் தோலில் பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை மேலே ஒட்டி உரித்தெடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். ஈசலுக்குப் பிடிக்கும் வேலையே இல்லை. உள்ளே மின்குமிழ்களை அணைத்து, முற்றத்து விளக்கைப் போட்டுவிட்டால் அவை தாமாகப் போய்விடும். பகலில் வந்த தேனீக்கும் குளவிக்கும் ஒரு யன்னலை மட்டும் திறந்து மற்றவற்றின் திரையை இழுத்துவிடலாம். நுளம்பை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். டெங்கு உள்ள ஊரில் அதற்குக் கருணை காட்டும்படி நான் சொல்லப்போவதில்லை.

குளியலறைக்கு வரும் தவளைமேல் உப்புத் தூவும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே நீரையும் உறிஞ்சுகிறது. உப்பு அதற்கு நெருப்பு. சவர்க்காரமில்லாத நீரில் நனைத்த கைகளால், அல்லது நனைத்த பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் பொத்தி எடுத்துப் போய்க் கிணற்றடி வாழைக்குள் விட்டுவிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும்.

பல்லியை வெளியேற்ற வேண்டிய தேவை அரிது. அது சொல்லும் பலனை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அதை வீட்டு உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டு விட்டார்கள். ஆனால் எலிக்கு வைக்கும் பசைத்தாளில் பல்லிதான் அடிக்கடி அகப்படுகிறது. இழுத்தெடுத்தால் வால் கழன்றுவிடும், தோலும் கிழியும். முதலில் பல்லியைச் சுற்றியுள்ள வெறும் பசையின்மேல் கோதுமை மாவைத் தூவி மூட வேண்டும், இல்லாவிட்டால் விடுபட்ட கால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பின்பு தேங்காயெண்ணெயில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு காலின் ஓரத்திலும் எண்ணெயை விட்டு, பசை இளகும் வரை காத்திருந்து, வாலைக் கடைசியாக விடுவிக்க வேண்டும். மூக்கிலும் கண்ணிலும் எண்ணெய் படக் கூடாது. மிஞ்சிய எண்ணெயை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் விட்டுவிடலாம். அதன் பிறகு அந்தத் தாளை வாங்குவதையே நிறுத்திவிடுவது உத்தமம்.

கூட்டுப்பொறியில் பிடித்த எலியை வெறுங்கையால் தொடக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கையுறை அணிந்து பொறியைக் கையாண்டு, அதை நன்றாகக் கழுவ வேண்டும். வௌவாலையும் வெறுங்கையால் தொடலாகாது. இரவில் விளக்கை அணைத்து யன்னல்களைத் திறந்துவிட்டால் அது தானாகவே வெளியேறும். பாம்பைப் பிடிப்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எட்டடி விரியனின் வெள்ளைப் பட்டைகள் நஞ்சற்ற பாம்பிலும் உண்டு, சுருட்டை விரியனோ குடாநாட்டில் சாதாரணம். ஆகவே தூர நின்று அது போகும் இடத்தைக் கவனித்தபடி, பழக்கமுள்ளவரையோ வனசீவராசிகள் திணைக்களத்தையோ அழைக்க வேண்டும்.

பிடித்ததை எங்கே விடுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மதிய வெயிலில் சீமெந்து முற்றத்தில் கவிழ்த்துவிட்டால், அடுத்த கணமே காகம் தூக்கிவிடும். சிலந்தியையும் வண்டையும் கதியால் வேலியோரச் சருகுக்குள் மாலையில் விடலாம். தேளையும் மட்டத்தேளையும் விறகுக் குவியல், பொச்சுமட்டைக் குவியல், கிணற்றடி ஆகியவற்றின் அருகே விடவே கூடாது. ஆட்கள் வெறுங்காலோடு நடக்காத, வீடுகளிலிருந்து விலகிய பனங்காணிக் கற்குவியல் பொருத்தமானது. பக்கத்து வளவுக்குள் எறிவது வெளியேற்றல் ஆகாது, வழக்குக்கு வித்து. விடும்போது போத்தலை நிலத்தில் சரித்து, வாயை நமக்கு எதிர்ப்புறம் வைத்து, நீண்ட தடியால் மட்டையை நீக்கிவிட்டுப் பின்வாங்க வேண்டும். போத்தலைத் திரும்ப எடுக்கும் முன், அதன் அடியிலும் மட்டையின் மறுபக்கத்திலும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.