அகமதாபாத்தின் போள்களை நடந்து பார்ப்பது எப்படி

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411-இல் முதலாம் அகமது ஷா நிறுவிய நகரத்தைச் சூழ்ந்திருந்த மதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டது. வாயில்கள் சிலவும், ‘போள்’ எனப்படும் பழைய குடியிருப்புகளும் நிற்கின்றன. 2017-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததில் மசூதிகளுக்கு உள்ள பங்கு போள்களுக்கும் உண்டு. ஆனால் இவை இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால், நினைவுச்சின்னங்களைப் பார்ப்பது போல இவற்றைப் பார்க்க இயலாது.

முதல்முறை செல்பவர்கள், மாநகராட்சி 1997 முதல் நடத்திவரும் காலை நடையில் சேர்ந்துகொள்வது நல்லது. காளுபூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் அந்த நடை, கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த வீடு இருந்த சதுக்கத்தையும், ஹாஜா பட்டேல் போளில் உள்ள காலா ராம்ஜி கோயிலையும் காட்டிச் செல்லும். மறுமுறை தனியாகவே செல்லுங்கள். கூட்டத்தோடு போகும்போது நின்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

ஒரு போளுக்குள் நுழையுமுன் அதன் வாயிலைக் கவனியுங்கள். இரவில் கதவை அடைத்துக் காவல் காத்த காலத்தில் காவலாளி தங்கிய அறை சில வாயில்களின் மேல் இன்னும் உள்ளது. அருகிலேயே அந்தத் தெருவின் செய்திகளை எழுதிவைக்கும் பலகையும் இருக்கக்கூடும். ஒரே சாதியினரோ ஒரே தொழிலினரோ சேர்ந்து வாழ்ந்த இடங்கள் இவை; பாதுகாப்போடு விலக்கலும் இந்த அமைப்புக்குள் இருந்தது என்பதை மறந்துவிட்டு இதன் அழகை மட்டும் புகழ்வது சரியாகாது.

உள்ளே சென்றதும் வீடுகளின் முன்னுள்ள ‘ஓட்லோ’ தென்படும். நம் திண்ணையின் உறவுதான். அதையடுத்து, நுணுக்கமாகச் செதுக்கிய மரத்தூண்களையும் மாடத்தாங்கிகளையும் நிமிர்ந்து பாருங்கள். யாராவது வீட்டுக்குள் அழைத்தால் முற்றத்தின் தரையில் மூடிபோட்ட சிறு திறப்பைத் தேடுங்கள். அதன் அடியில் இருப்பது ‘டாங்கா’ எனும் நிலத்தடித் தொட்டி. மாடியில் பெய்யும் முதல் மழையை வெளியே வழியவிட்டு, கூரை கழுவப்பட்டபின் வரும் நீரைக் குழாய் வழியே இதில் இறக்குவார்கள். வெயில் படாமல் மூடியே இருப்பதால் அந்த நீர் ஆண்டு முழுவதும் குடிப்பதற்கு உதவியது. ஊருக்குக் குழாய்நீர் வந்தபின் பல தொட்டிகள் கைவிடப்பட்டன. எனக்கு அங்குள்ள எந்தச் சிற்பத்தையும்விட இந்தத் தொட்டியே பெரிய கலையாகத் தோன்றுகிறது.

போளின் பொதுவெளியில், உயர்ந்த தூணின் மேல் கூண்டு போன்ற மாடம் தெரிந்தால், அது பறவைகளுக்குத் தானியமிடும் ‘சபூத்ரோ’.

திறந்திருக்கும் கதவு அழைப்பு ஆகாது. ஓட்லோவில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டபிறகே படமெடுங்கள். சமண ஆலயங்களில் காலணியோடு தோல்பொருள்களையும் வெளியே விட வேண்டும். உத்தராயண நாளான ஜனவரி 14-இல் ஊரே மாடியேறிப் பட்டம் விடும். அன்று பார்க்க வேண்டியது தெருவையல்ல, மாடிகளை. மாஞ்சா நூல் கழுத்தை அறுக்கக்கூடும் என்பதால் அப்போது இருசக்கர வாகனத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஜாமா மசூதியிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள மாணெக் சவுக்கில், பகலில் நகைவியாபாரம் நடக்கும். உணவுக் கடைகள் இருட்டிய பின்னரே விரிக்கப்படுவதால், சாப்பிட விரும்புவோர் மாலையில் மீண்டும் வர வேண்டும்.