கலெக்டர் லீவு விட்டால் செமஸ்டரும் நிற்குமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று டிவியில் ஓடியதும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவதுதான் நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு. மழை விடுமுறை விடுவது மாவட்ட நிர்வாகம். செமஸ்டர் பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டியது பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரி. இரண்டு அறிவிப்பும் சேர்ந்தே வரலாம், ஒன்று மட்டும் வந்து இன்னொன்று வராமலும் போகலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேனையும் காரையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதே, அது நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் நடக்கிற காலம்தான். இனிமேலும் மழை அந்த மாதங்களில்தான் வரப்போகிறது, பரீட்சையும் அப்போதுதான் இருக்கப்போகிறது.

இதில் எல்லைச் சிக்கல் வேறு. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது, ஆனால் படிக்கப் போகிற பிள்ளைகள் மாவட்டம் பார்த்தா போகிறார்கள்? வீடு ஊத்தங்கரையில், கல்லூரி அரூரில். வீடு காவேரிப்பட்டணத்தில், கல்லூரி காரிமங்கலத்தில். வீடு இருக்கும் மாவட்டத்துக்கு லீவு என்றால் கல்லூரி இருக்கும் மாவட்டத்துக்கும் லீவு என்று அர்த்தமில்லை. அதனால் காலையில் முதல் வேலையாகப் பல்கலைக்கழக இணையதளத்தைப் பாருங்கள், இல்லையென்றால் துறைத் தலைவருக்கோ வகுப்பு ஆசிரியருக்கோ ஒரு போன் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற சுற்றறிக்கைப் படத்தில் தேதி, எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தேர்வு என்ற மூன்றும் தெரியாவிட்டால் அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். போன வருஷத்துச் சுற்றறிக்கை இந்த வருஷ மழைக்குச் சுற்றி வருவது சகஜம். பரீட்சை நடந்து நீங்கள் போகவில்லையென்றால் ஆப்சென்ட்தான், அது அரியர்தான்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு லீவு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பதும் இதே குழப்பம்தான். நம் இரண்டு மாவட்டங்களில் மட்டுமே எத்தனை நாள்காட்டிகள் ஓடுகின்றன பாருங்கள். கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழே, பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே, தர்மபுரி சட்டக் கல்லூரி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழே, மருத்துவக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழே. ஒருவருடைய டைம் டேபிளை வைத்து இன்னொருவர் ஊருக்குப் போகத் திட்டம் போட்டால் அது தப்பாகத்தான் முடியும்.

அடுத்தது தீபாவளி டிக்கெட். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. பண்டிகை இப்படி மூன்று வாரம் முன்னே பின்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது, செமஸ்டர் அதற்காக நகராது. பண்டிகை நவம்பரில் விழுகிற வருஷம் பிராக்டிகலோ முதல் தியரி பேப்பரோ அதன் தலைமாட்டிலேயே வந்து நிற்கும். சென்னையிலோ கோவையிலோ படிக்கிறவர்கள் ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது), ஆனால் இறுதி டைம் டேபிள் அவ்வளவு முன்னதாகப் பெரும்பாலும் கைக்கு வராது. தற்காலிக அட்டவணையைப் பார்த்துக் கடைசிப் பரீட்சை அன்று இரவுக்கே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மழையால் தள்ளிப்போன பேப்பர் அட்டவணையின் கடைசியில் வந்து உட்காருவதுதான் வழக்கம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டே போடுங்கள். பண்டிகை முடிந்து மறுநாள் காலைப் பரீட்சைக்கு அன்றைக்கே கிளம்பிப் போய்க்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையம் கிடையாது, பெங்களூரிலிருந்து வருகிற பஸ் ஓசூரிலேயே நிரம்பிவிடும், சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும். முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கோடை விடுமுறையில் வேலைக்குப் போவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். பல வீடுகளில் அந்தக் காசில்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிறார்கள். ஆனால் கல்லூரி ஜூனில் திறக்கும்போது பெங்களூரா மாங்காய் வரத்து முழு வேகத்தில் இருக்கும், மாங்கூழ் ஃபேக்டரியில் ஆள் தேவை இருக்கும், ஓசூர் கம்பெனியிலும் இன்னும் ஒரு மாசம் இரு என்பார்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை வேண்டும் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும், அதாவது உங்களுக்கு மொத்தமாக இருக்கும் லீவே 22 நாள்தான். மூன்று வாரம் தாமதமாகச் சேர்ந்தால் அதில் 15 நாள் தொடக்கத்திலேயே போய்விட்டது. அப்புறம் ஒரு காய்ச்சல், வீட்டில் ஒரு கல்யாணம், ஆடிப்பெருக்குக்கு விட்ட உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக வைத்த சனிக்கிழமைக்குப் போகாமல் விட்டது என்று சேர்ந்தால் வருகைக் குறைவை மன்னிப்பதற்குக் கட்டுகிற கண்டொனேஷன் கட்டணத்தில் வந்து நிற்கும், அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட்டே கிடைக்காமல் போகலாம்.

அரியர் வைத்திருப்பவர்கள் தங்கள் வகுப்பு அட்டவணையை மட்டும் பார்ப்பதும் நடக்கிறது. ஸ்டடி ஹாலிடே என்று நினைத்திருக்கும் நாளில் பழைய பேப்பர் இருக்கும், சில நேரம் ஒரே நாளில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. எல்லாப் பேப்பரையும் ஒரே தாளில் தேதி வாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எஃப்.என்.னா (காலை) ஏ.என்.னா (மதியம்) என்றும் எழுதுங்கள். மதியம் என்று நினைத்து 1 மணிக்கு வந்து, காலைப் பரீட்சை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே அழுகிற பிள்ளையை ஒருமுறை பார்த்தால் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

கடைசியாக, சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கம் மலைக் கிராமங்களில் வீடு இருப்பவர்களுக்கு. லீவில் ஊருக்குப் போனால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ரிசல்ட் வருவது அந்த நாட்களில்தான். மறுமதிப்பீட்டுக்கும் விடைத்தாள் நகலுக்கும் விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், அடுத்த முறை பரீட்சைக் கட்டணத்துக்கும் கடைசித் தேதி இருக்கும், அது தாண்டினால் அபராதம். ஊருக்குக் கிளம்பும் முன்பு அரூரிலோ தர்மபுரியிலோ இருக்கும் நம்பிக்கையான ஒரு நண்பரிடம் பதிவெண்ணைக் கொடுத்து, வீட்டில் சிக்னல் எட்டுகிற யாராவது ஒருவருடைய நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள், செய்தி வந்த அன்றே பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிடலாம்.