கருவில் மரபணுச் சோதனை: கிறிஸ்தவத் தம்பதியர் முடிவெடுக்கும் முறை

கருவுற்ற 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கப்படும், கருவின் பிடரியில் உள்ள நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனையும் அதனுடன் சேர்ந்த இரத்தச் சோதனையையும் பலர், மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்துகொள்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் முதலிய குரோமோசோம் கோளாறுகள் குழந்தைக்கு இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் சோதனை அது என்பதே, 'ஹை ரிஸ்க்' என்று தாளில் வந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிகிறது. அந்த அதிர்ச்சியில், வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கையில் எடுக்கும் முடிவை மனச்சாட்சியின் முடிவு என்று சொல்வது கடினம். ஆகவே சோதனைச் சீட்டு கையில் இருக்கும்போதே கணவனும் மனைவியும் அமர்ந்து, விடை தெரிந்தால் என்ன செய்வோம் என்று ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த உரையாடலுக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை ஓர் அளவுகோல் தருகிறது. 1987இல் வத்திக்கான் வெளியிட்ட 'தோனும் வீத்தே' என்னும் அறிவுரை, கருவின் உயிரையும் நலனையும் காக்கும் நோக்கமுள்ள சோதனையை ஏற்கிறது. குறை இருந்தால் கலைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு செய்யும் சோதனையை ஏற்பதில்லை. அதாவது சோதனை ஒன்றே. நோக்கம்தான் அதை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குகிறது. சீர்திருத்தச் சபைகளிடையே ஒருமித்த நிலை இல்லை: சில சபைகள் கருக்கலைப்பை முற்றிலும் மறுக்கின்றன, சில தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற நெருக்கடிகளில் இடம் தருகின்றன, வேறு சில தம்பதியரின் மனச்சாட்சிக்கு விடுகின்றன. உங்கள் சபை எங்கே நிற்கிறது என்பதைப் போதகரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கலைக்க மாட்டோம் என்று முடிவு செய்தவர்களுக்குச் சோதனையே தேவையில்லை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கிறது. அது முன்கூட்டியே தெரிந்தால், குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை ஏற்பாடு செய்யலாம். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே என்று 1959இல் அறிவித்த பிரெஞ்சுக் குழுவில் இருந்த ழெரோம் லெஜூன் பக்தியுள்ள கத்தோலிக்கர். தம் நோயாளிகளுக்குச் சிகிச்சை காண விரும்பிய அவர், அதே அறிவு அவர்களைக் கருவிலேயே களையப் பயன்பட்டதைக் கண்டு, 1994இல் இறக்கும்வரை அதை எதிர்த்துப் பேசினார்.

சோதனை முடிவு வந்ததும் முதலில் எண்ணைச் சரியாக வாசியுங்கள். 1:150 என்று இருந்தால், அத்தகைய முடிவு பெற்ற 150 பேரில் ஒருவரின் குழந்தைக்கே அந்நிலை இருக்கும், மற்ற 149 பேரின் குழந்தைகளுக்கு இராது என்று பொருள். தாயின் இரத்தத்தில் கலந்துள்ள கருவின் டி.என்.ஏ.வை ஆராயும் என்.ஐ.பி.டி. இதைவிடத் துல்லியமானது, ஆயினும் அதுவும் வாய்ப்பை மட்டும் சொல்லும் வடிகட்டும் சோதனையே. உறுதியாகச் சொல்வது, 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் ஆய்வு. அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு என்பதால், வெறும் ஆவலுக்காக அதைச் செய்துகொள்வது சரியல்ல. கிடைக்கும் விடை பிரசவ ஏற்பாட்டையோ சிகிச்சையையோ மாற்றுமா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே சம்மதியுங்கள்.

இந்தியச் சட்டம் 20 வாரம் வரையிலும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரையிலும், கடுமையான கருக்குறை என மருத்துவ வாரியம் கருதினால் அதற்குப் பிறகும் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பது கட்டாயம் ஆகிவிடாது. வயது வந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் கணவரோ மாமியாரோ மருத்துவரோ முடிவெடுக்க முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் அடுத்து எழும் கேள்வி, இது யார் பக்கத்து இரத்தம் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்பதை மரபியல் ஆலோசகர் வாயாலேயே குடும்பத்தார் கேட்கச் செய்யுங்கள். பிறவியிலேயே பார்வையற்றவனைக் குறித்து யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு சொன்னதை யோவான் 9ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்துக் காட்டுவதும் உதவும்.

பிறந்து சில மணி நேரமே வாழக்கூடும் என்ற கடுமையான நிலை உறுதியானால், வலியின்றிக் குழந்தையைக் கவனிக்கும் முறை, செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா, குழந்தையை யார் கையில் முதலில் கொடுப்பது ஆகியவற்றை மருத்துவருடன் பேசி, மருத்துவக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பலன் தராத சிகிச்சையை வேண்டாம் என்பதைத் திருச்சபை கொலையாகக் கருதுவதில்லை. கத்தோலிக்கர், குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் குருவானவர் இல்லாவிட்டாலும், தலையில் தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பதை அறிந்து, செவிலியரிடமும் முன்பே சொல்லி வைக்கலாம்.

ஜெபிக்கச் சொல்வதிலும் கவனம் தேவை. ஜெபக்குறிப்பு என்று சபையில் கொடுக்கும் செய்தி, ஞாயிறு மாலைக்குள் ஊர்ச்செய்தியாகிவிடுகிறது. நீங்கள் நம்பும் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தாயே முடிவு செய்யட்டும்.